மணமகளின் கழுத்து மாலை யாருடையது?

 

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். அடிவாரத்து ஊரொன்றில் மிளகு வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் சோளக்காட்டுச் சந்தைக்கு நம்மையும் அழைத்துச் சென்றார். காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற வழியெல்லாம் அவர் தம் மகளின் நிக்காஹ் பற்றியே பேசி வந்தார்.

“மாப்பிள்ளை வீட்டில் நல்ல மனிதர்கள், ஹஜ்ரத். ரொக்கம் கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. கழுத்து நிறைகிற மாதிரி 20 பவுனில் ஒரு ஹாரம் மட்டும் போட்டு அனுப்புங்கள், மேடையில் பார்க்கிறவர்கள் நாலு பேர் பேச வேண்டும் என்கிறார்கள்.”

“கையில் இருக்கிறதா?” என்றோம்.

“எட்டுப் பவுன் தேறும். மீதிக்கு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்” என்று சொல்லி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சந்தையில் அவருக்கு வழக்கமாக மிளகு கொடுக்கும் மலைவாசிப் பெரியவர் ஒருவர் கல்யாணச் செய்தி கேட்டு மகிழ்ந்தார். “பாய், மாப்பிள்ளை வீட்டில் என்ன பரிசம் போடுறாங்க?” என்று வெள்ளையாகக் கேட்டார். நம் அன்பருக்குப் பதில் வரவில்லை. நமக்கும் வரவில்லை.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் மணமகன் வீட்டார்தாம் பரிசம் கொடுத்துப் பெண் கேட்பது பழைய வழக்கம். அந்தப் பரிசம் பெண்ணைப் பெற்ற வீட்டுக்குப் போகிறது. நம் மார்க்கமோ அதற்கும் ஒரு படி மேலே போய், மஹரைப் பெண்ணின் கையிலேயே கொடுக்கச் சொல்கிறது. தந்தைக்கும் அதில் பங்கில்லை, கணவனுக்கும் பங்கில்லை. மனமுவந்து கொடுங்கள் என்று ஸூரத்துன் னிஸாவின் நான்காம் வசனம் கட்டளையிடுகிறது. பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதில் எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்று அதே ஸூராவின் 20ஆம் வசனம் தடுக்கிறது. கொடுக்க வேண்டியவன் கேட்கிறான். பெற வேண்டியவள் தகப்பன் கடன்காரனாகிறான். இந்தத் தலைகீழ் வழக்கம் நம் வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது?

ஒரு மணமாலையின் வரலாறு

சகோதரிகளே! மணமகளுக்கு மாலை அணிவிப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் மூத்த மகள் ஜைனப் (ரலி) அவர்களை அபுல் ஆஸுக்கு மணமுடித்து அனுப்பியபோது தம்முடைய மாலையைக் கொடுத்து அனுப்பினார்கள். பெற்ற தாய் மனமுவந்து தந்த மாலை அது. கேட்டு வாங்கியதல்ல.

ஆண்டுகள் கழிந்தன. அன்னை கதீஜா (ரலி) மறைந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தார்கள். ஜைனப் (ரலி) மக்காவிலேயே இருந்தார்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் குறைஷியர் பக்கம் நின்ற அபுல் ஆஸ் கைதியானார். மக்காவாசிகள் தத்தம் கைதிகளுக்கு மீட்புப் பொருள் அனுப்பியபோது, ஜைனப் (ரலி) அனுப்பிய பொருளோடு அந்த மாலையும் வந்து சேர்ந்தது.

அதைக் கண்டதும் அண்ணலாரின் உள்ளம் உருகிப் போயிற்று. மறைந்த மனைவியின் கழுத்தில் கண்ட மாலையல்லவா! ஆயினும் அவர்கள் ஆணையிடவில்லை. நீங்கள் சரியென்று கருதினால் கைதியை விடுவித்து, அவளுடைய பொருளை அவளிடமே திருப்பிக் கொடுங்கள் என்று தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்களும் அப்படியே செய்தார்கள். இதனை அபூதாவூதில் காணலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாலை ஜைனப் (ரலி) அவர்களுடையது. அதனால்தான் இக்கட்டு வந்த நாளில் எவரையும் கேட்காமல் அதைக் கழற்றி அனுப்ப முடிந்தது. இன்று நம் பெண்மக்களின் நிலை என்ன? நிக்காஹ் முடிந்த மறுவாரமே ஹாரம் மாமியார் பீரோவுக்குப் போகிறது. அங்கிருந்து அடகுக்கடைக்குப் போகிறது. கணவனின் தங்கை கல்யாணத்துக்கு உருகிப் போவதும் உண்டு. போட்டவளுக்கு ஒரு வார்த்தை கேட்கும் உரிமை இல்லை. கழுத்தில் இருந்தது ஒரே ஒரு நாள்!

ஹாரம் எடுக்கும் முன்னே

ஆகவே கடைக்குப் போகுமுன் முதலில் கேட்க வேண்டியது, இது யார் பணத்தில், யாருக்கு என்பதுதான். மணமகன் தன் வசதிக்கேற்ப மஹரையே ஒரு மாலையாகக் கொடுக்கட்டும். இரும்பு மோதிரமேனும் தேடிப் பார் என்று ஏழைத் தோழரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் உண்டு. எனவே இரண்டு பவுனானாலும் குறைவில்லை. நிக்காஹ் தஃப்தரில் “நகை” என்று மொட்டையாக எழுதாமல், இத்தனை பவுன் என்று எடையோடு எழுதுங்கள். ரசீதும் பெண் பெயரில் இருக்கட்டும். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணையில் சேர்க்கவில்லை. பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்குவதைக் குற்றமாக்குகிறது.

கருகமணி கட்டுவது நம் நாட்டு வழக்கம், மார்க்கக் கடமையல்ல. அதற்காகவும் கடன்பட வேண்டாம்.

பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் ஹாரங்களில் பல, கல்லும் அரக்கும் சேர்ந்து எடை காட்டுபவை. விற்கப் போகும் நாளில் அவற்றைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போடுவார்கள். ஆகவே கல் நீக்கிய தங்க எடை எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். 22 காரட் நகையில் 916 என்ற ஹால்மார்க்கும், ஆறு இலக்கத் தனிக் குறியீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஜகாத்தையும் இப்போதே எண்ணிப் பாருங்கள். ஹனஃபி மத்ஹபில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. நிஸாபு 20 மிஸ்கால், அதாவது ஏறத்தாழ 11 பவுன். 20 பவுன் ஹாரத்துக்கு ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்காகிய அரைப் பவுன் மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமான அளவில் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. ஆனால் வரம்பு மீறினால் உண்டு. மேடையைப் பற்றி யோசித்தவர்கள், ஜகாத்தைப் பற்றி யோசித்தார்களா?

அன்று ஒரு நாள் அழகுக்காகத்தான் வேண்டுமென்றால், இரவல் வாங்குவதில் என்ன இழிவு? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் மதிப்புள்ள ஓர் ஆடை இருந்தது. மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்க அதைத்தான் இரவல் வாங்கிச் செல்வார்களாம். அன்னையவர்களே தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மாலையை இரவல் வாங்கி அணிந்து ஒரு பயணம் சென்றார்கள். அது தொலைந்து, அதைத் தேடித் தண்ணீரில்லாத இடத்தில் தங்க நேர்ந்தபோதுதான் தயம்மும் உடைய வசனம் இறங்கியது. முஃமின்களின் அன்னைக்கே இழிவில்லாத இரவல், நமக்கு மட்டும் இழிவாகிவிடுமா? வட்டிக்கு வாங்கிய பவுனைவிட, அக்காவிடம் இரவல் வாங்கிய மாலை ஆயிரம் மடங்கு மேல்.

திரும்பி வந்த இரவு

மலையிலிருந்து இறங்கி அன்பர் வீட்டுக்கு வந்தோம். பெரியவர் கேட்ட கேள்வியை அவர் தம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

“அத்தா, அந்த ஹாரம் எனக்கா, அவங்களுக்கா?”

“உனக்குத்தாம்மா.”

“எனக்குன்னா வட்டிக்கு வாங்க வேணாம். எட்டுப் பவுனுக்கும் வேணாம். மூணு பவுன்ல ஒரு சங்கிலி போதும். மத்ததைத் தம்பி படிப்புக்கு வைங்க. அவங்க மஹர் என்ன தர்றாங்கன்னு நீங்க கேளுங்க.”

அன்பர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். இதை எழுதும் வரை அங்கிருந்து பதில் வரவில்லை. சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று தாய் கலங்குகிறார். மகள் கலங்கவில்லை.

மகனுக்குப் பெண் பார்க்கும் தாய்மார்களே! அந்தப் பதிலைக் கொடுக்க வேண்டிய இடத்தில் நாளை நீங்கள் நிற்பீர்கள். மருமகளின் கழுத்தைப் பார்க்குமுன் அவள் தகப்பனின் முகத்தைப் பாருங்கள். கொடுக்கும் கையாக உங்கள் மகனை ஆக்குங்கள்.

வல்ல அல்லாஹ் அந்தப் பெண்மகளுக்கு நல்ல துணையைத் தந்தருள்வானாக! நம் வீட்டு மணமாலைகளை வட்டியின் கறையும் கண்ணீரின் கறையும் படாதவையாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.