மலையில் இருக்கிற சம்பந்தி வீடு

(ஆடி அமாவாசைக்கு முந்தைய மாலை, கல்லிடைக்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நாளைக்குக் காரையாறு போகிறவர்கள்தான் இங்கே பாதிப் பேர். மும்பையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள், துபாயிலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது என்கிற பேரப்பிள்ளைகளையும் கூட்டி வந்திருக்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். "நம்ம சாமி மலையில இருக்குடா, வா" என்று சொல்லித்தானே ரயில் ஏற்றினீர்கள்? அந்தப் பிள்ளை அங்கே போய், "நமக்கு அங்கே யார் சொந்தம்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் சன்னிதியை நீங்கள் தவற விடமாட்டீர்கள். தன் குலதெய்வம் எந்தச் சாஸ்தா என்று மறந்துபோன குடும்பத்துக்கெல்லாம் அவரே குலதெய்வம் என்பது நம் திருநெல்வேலிச் சீமை வழக்கம். அவரைச் சுற்றி ஒரு பெரிய பரிவாரமே உண்டு. சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், தூசி மாடன், பிரம்மராட்சசி, பேச்சியம்மன். சங்கிலியால் மார்பில் அடித்துக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படும், பக்கத்தில் நில்லுங்கள். இந்த வரிசையில் பட்டவராயன் சன்னிதி வரும்போதுதான் நம் ஆட்கள் அவசரப்படுவார்கள். அங்கே தோல் செருப்பு காணிக்கையாகக் கிடக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நகராதீர்கள். பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் செருப்பில்தான் இருக்கிறது.

பட்டவராயன் மனிதனாக இருந்தபோது பெயர் முத்துப்பட்டன். பிராமணக் குடும்பத்தில் அண்ணன்மார்களுக்கெல்லாம் இளைய கடைசிப் பிள்ளை. வீட்டாரோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, மலையாளக் கரையில் ஓர் அரசனிடம் வேலை பார்த்தான். அண்ணன்மார் தேடிப்போய்க் கூட்டி வருகிறார்கள். வருகிற வழியில், மலைக்காட்டில், இரண்டு பெண்களின் பாட்டுக் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா. மாடு காத்து, தோல் பதனிட்டு, செருப்புத் தைத்துப் பிழைக்கிற வாலப்பகடையின் மகள்கள். பட்டன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான்.

வாலப்பகடை என்ன செய்தார்? கையில் ஆயுதத்தோடுதான் வந்தார். அப்புறம் விஷயம் தெரிந்ததும், நம் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் வராத நிதானத்தோடு ஒரு நிபந்தனை போட்டார். என் மகள்களைக் கட்டுவதானால் குடுமியை எடு, பூணூலைக் கழற்று, எங்கள் தொழிலைச் செய், செருப்புத் தைத்துக்கொண்டு வா. மாப்பிள்ளைக்கு நாம் என்னவெல்லாம் கேட்போம்? படிப்பு, சம்பளம், பிளாட். அவர் கேட்டது எதையும் கொண்டு வா என்றல்ல. இருப்பதை விட்டுவிட்டு வா என்று. அண்ணன்மார் அவனைப் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். தப்பித்துப் போனான். மாமனார் சொன்னபடியே செய்தான்.

நம்ம ஊர் அக்ரகாரத்துக்கு நடுவில் நின்று இந்தக் கதையைச் சொல்வதில் எனக்குத் தனி ருசி. பிற்காலத்தில் யாரோ கதையில் ஓர் ஒட்டுப் போட்டார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் உயர்குலத்தில் பிறந்தவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டும்தான் என்று. கேட்கிறவர்களுக்கு மனசு சமாதானமாக வேண்டுமே! எனக்கு அந்த ஒட்டு வேண்டாம். அதை ஒப்புக்கொண்டால் பட்டன் விட்டுக் கொடுத்தது எதற்கும் அர்த்தமில்லை. வில்லுப்பாட்டில் வாழ்ந்த இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்தார். வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் படித்துக் காட்ட வேண்டியது அது.

கல்யாணம் முடிந்த கையோடு, மாமனார் காவலில் இருந்த மாடுகளைக் கள்ளர் ஓட்டிப் போனார்கள் என்று சேதி வருகிறது. புது மாப்பிள்ளை கிளம்புகிறான். போராடி மாட்டை மீட்டான். ஓடையில் கை கால் கழுவுகையில் ஒளிந்திருந்தவன் குத்திவிட்டான். அவன் நாய்தான் ஓடிவந்து வீட்டில் சேதி சொன்னது. பெண்கள் சிங்கம்பட்டி ஜமீனிடம் போய் அனுமதி வாங்கித் தீப்பாய்ந்தார்கள் என்று கதை முடிகிறது. அந்த முடிவை நான் கொண்டாட மாட்டேன். அந்தப் பெண்கள் வாழ்ந்திருக்க வேண்டும்.

ஆனால் இதைப் பாருங்கள். மாமனார் வீட்டு மாட்டுக்காக உயிர் விட்டவன் மலையில் தெய்வமாக நிற்கிறான். அவனுக்குக் காணிக்கை பொன்னும் இல்லை, பட்டும் இல்லை. அவன் தைக்கக் கற்றுக்கொண்ட செருப்பு. போன வருஷம் வைத்த செருப்பு இந்த வருஷம் தேய்ந்திருக்கும், ராத்திரியில் போட்டுக்கொண்டு காடு சுற்றுகிறான் என்பது அங்கே வருகிறவர்கள் நம்பிக்கை. இன்னமும் மாமனார் வீட்டுக் காவல் வேலை தீரவில்லை அவனுக்கு.

மலையில் பெண் எடுத்த இன்னொரு மாப்பிள்ளை முருகன். வேளிமலை குமாரகோவிலில் வள்ளி கல்யாணத்தின்போது குறவர் படுகளம் என்று ஒரு சடங்கு நடக்கும். எங்கள் பெண்ணை எப்படிக் கூட்டிப் போகலாம் என்று மலைக்காரர்கள் முருகனை எதிர்த்து வருவார்கள், சண்டை நடக்கும், கடைசியில் முருகன் ஜெயிப்பான். இங்கே பட்டன் சண்டைக்கு நிற்கவில்லை, முதலிலேயே தோற்றுக் கொடுத்தான். எனக்கென்னவோ பட்டன்தான் பெரிய மாப்பிள்ளையாகத் தெரிகிறான். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், அவனுக்கும் மலையில் மாமனார் வீடு இருக்கிறதே.

இனி இன்னொரு மலைப் பாதை. இதே கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியாக மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கு மேல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து, 1929க்குப் பிறகு பாம்பே பர்மா கம்பெனி தேயிலை போட்ட இடம். கங்காணிமார் பேச்சை நம்பி ஏறிப்போன குடும்பங்கள் காட்டை வெட்டின, கொழுந்து பறித்தன, லைன் வீட்டில் பிள்ளை பெற்றன. அவர்கள் கூலிக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், தடியடிக்குப் பயந்து தாமிரபரணியில் இறங்கி 17 உயிர் போனது. அதுவும் ஆடி மாதம்தான். நாளைக்கு ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விடுகிறவர்கள் அவர்களுக்கும் ஒரு கை விடுங்கள். சாஸ்திரம் தடுக்காது.

2024இல் கம்பெனி தொழிலை நிறுத்திவிட்டது. குடும்பங்கள் மூட்டை கட்டிக் கீழே இறங்கின. அம்மா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று இனி ஒரு பேத்தி வந்தால், வனத்துறை செக்போஸ்டில் யார், எதற்கு என்று பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். அது புலிகள் காப்பகம், காடு காடாக இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தப் பேத்திக்கு மலையில் யார் சொந்தம்? இத்தனை காலம் அந்த மண்ணுக்கு முதுகு வளைத்தவர்கள் பெயரில் அங்கே ஒரு குழி நிலம் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலே வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

அவர்களை நினைக்கும்போது எனக்கு அகத்தியர் ஞாபகம் வருகிறது. கைலாயத்தில் ஈசனுக்குக் கல்யாணம், உலகமே வடக்கே கூடி பூமி சாய்கிறது. நீ ஒருத்தன் தெற்கே போ என்று குறுமுனியை அனுப்பினான் ஈசன். சொந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்க இவர் ஒருத்தர் மட்டும் பொதிகைக்கு நடந்து வந்தார். அழைப்பு இல்லாத குறை அல்ல, அனுப்பிவிட்ட குறை. அந்தக் குறையை யார் தீர்த்தது? மணக்கோலத்தோடு சாமியே பாபநாசத்துக்கு வந்தார். சித்திரை விசுவுக்கு இன்றைக்கும் அந்தக் காட்சியைக் கோவிலில் நடத்துகிறார்கள். போக முடியாதவனைத் தேடி வருவதும் உறவுமுறையில் சேர்ந்ததுதான் என்று ஈசனுக்கே தெரிந்திருக்கிறது. மலையிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள் இப்போது நம் பக்கத்துத் தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். மாஞ்சோலை ஆச்சி ஒருத்தரைத் தெரிந்தால், அவர் பேரப்பிள்ளை வருகிற வரைக்கும் காத்திருக்காமல் நீங்கள் போய்த் திண்ணையில் உட்காருங்கள். எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், அட்டை கடித்தால் என்ன பூசுவீர்கள் என்று கேளுங்கள். கோவிலுக்குப் போன பலன் அதிலேயே வந்துவிடும்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு மேலே யாராவது பெரியவர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "ஏலே, நீ யாரு மவன்?" என்று கேட்பார். முகம் சுளிக்காதீர்கள். பாஸ்போர்ட்டை நீட்டாமல் அப்பா பெயர், தாத்தா பெயர், தெருப் பெயர் சொல்லுங்கள். அவர் விறகு எடுக்கச் சொன்னால் விறகு எடுங்கள், பொங்கல் பானையைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். வாலப்பகடை கேட்டதில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

காட்டுக்குள் பிளாஸ்டிக் கொண்டு போகாதீர்கள். ஆற்றில் பழந்துணியை விடாதீர்கள். பஸ்ஸுக்கு விடிவதற்குள் வந்துவிடுங்கள், அப்புறம் இடம் கிடைக்காது. பட்டவராயனுக்குச் செருப்பு வாங்குகிறவர்கள் தோலில் தைத்ததாக வாங்குங்கள், ரப்பர் வேண்டாம். தைத்தவர் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் அரை மணியாக வில்லைக் கட்டி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கதையை நான் அரைகுறையாகச் சொல்லிவிட்டேன், அவர்கள் முழுசாகப் பாடுவார்கள். யாரும் எழுந்து போகாதீர்கள்.