வெற்றொலி

போபாலில் வாழும் அன்பர் ஒருவர் தம் பூஜையறைக்குத் தாமே செராமிக் டைல் பதிக்க விரும்பினார். அவ்வேலை அவருக்கு முற்றிலும் புதிது. ஆர்வ மிகுதியால் டைல்களை நீரில் ஊறவைக்கவில்லை. சிமெண்டுக் கலவையையும் திட்டுத் திட்டாகவே இட்டார். ஆயினும் மாலையில் தரை பளபளத்தது, வீட்டார் பாராட்டினர்.

மறுநாள் காலை அண்டைவீட்டு முதிய கொத்தனார் வந்தார். தரையின் அழகை அவர் நோக்கவில்லை. கரண்டிப் பிடியால் ஒவ்வொரு டைலையும் தட்டிச் செவிமடுத்தார். ஐந்து டைல்களில் வெற்றொலி எழுந்தது.

"பாபுஜி, இவற்றின் அடியில் கலவை நிறையவில்லை, பாரம் ஏறினால் உடையும். உலர்ந்த டைல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு பிடிப்பு இராது" என்றார்.

பாராட்டுப் பெற்ற தரையைப் பெயர்க்க மனம் எளிதில் வருமா? அன்பர் நாணினார், ஆயினும் பெயர்த்தார். ஊறிய டைல்களை, கலவையைச் சீராகப் பரப்பிப் பதித்தார். ஒரு நாள் முழுதும் எவரும் மிதியாமல் காத்தார்.

சாதகர்களே! நம் வழிபாட்டிலும் பிறர் காண்பது மேற்பரப்பையே. சிரத்தையில் ஊறாத ஜபமும், உள்ளம் நிறையாத பூஜையும் அவர்கள் கண்ணுக்கு மின்னக்கூடும். ஆனால், வீட்டில் ஒருவர் கூறும் கடுஞ்சொல் நம்மைத் தட்டும்போது உள்ளிருந்து எழுவது பொறுமையா, வெற்றொலியா?

வெற்றொலியாயின் தட்டியவரை வெறுக்க வேண்டா. மனம் தளரவும் வேண்டா. கலவை முற்றும் இறுகுமுன் பெயர்ப்பது எளிது. குறையுள்ள இடத்தை இன்றே பெயர்த்து, மீண்டும் பதிப்போமாக!