உதவிக்கு எது எதிர்ச்சொல்?

ஹெல்ப் என்ற ஆங்கில வினைக்கு எதிர்ச்சொல் கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் ஹிண்டர் என்பார்கள். அதாவது தடுப்பது, குறுக்கே நிற்பது. பீட்டர் மார்க் ரோஜெட் 1852-இல் வெளியிட்ட தெசாரஸும் அதைத்தான் சொல்கிறது. லண்டன் மருத்துவரான ரோஜெட் தமது 73-ஆம் வயதில் வெளியிட்ட அந்த நூலில் சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. ஆயிரம் கருத்துத் தலைப்புகளாகப் பிரித்து, எதிரெதிரானவற்றைப் பக்கத்தின் இரு பத்திகளில் நேருக்கு நேர் நிறுத்தினார். இடையூறு ஒரு பக்கம், உதவி மறுபக்கம். நடுவில் ஏதுமில்லை. ஆனால் அதே நூலின் முன்னுரையில், சில எதிர்நிலைகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்றும் உண்டு என்று அவரே எழுதுகிறார். விருப்பம், வெறுப்பு, இரண்டும் அற்ற அக்கறையின்மை என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. உதவிக்கும் இடையூறுக்கும் நடுவிலும் அப்படி ஒன்று உண்டு: சும்மா நிற்பது. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த இடத்தில்தான் கழிக்கிறோம். யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்ற நிறைவோடு கழிக்கிறோம். அந்த நிறைவுக்கு நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். ஒருவர் உயிருக்குத் தவிக்கும்போது, கைகொடுக்க முடிந்தவர் சும்மா நிற்பதுதான் உதவிக்கு நேர் எதிர்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1964 மார்ச் 13 அதிகாலை கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் அரைமணி நேரத்துக்கு மேல் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர்கூட அசையவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது, உலகம் நம்பியது. அந்தக் கணக்கு பிழையானது. பலர் கூச்சலை மட்டுமே கேட்டார்கள், முழுதாகப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அந்தப் பத்திரிகையே பின்னாளில் 2016-இல் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் திருத்தப்பட்ட கதையில்தான் நாம் கற்க வேண்டியது அதிகம். மேல்மாடியிலிருந்து ஒருவர் அதட்டினார், கொலைகாரன் ஓடினான். கீழே இறங்கி வர யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தான். அந்தப் பெண் தட்டுத்தடுமாறிப் போய் விழுந்த மாடிப்படிக்கு மேலே ஒருவர் குடியிருந்தார். அவர் கதவைத் திறந்தார், நடப்பதைப் பார்த்தார், கதவை மூடினார். பிறகு நண்பருக்குப் போன் செய்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். உனக்கேன் வம்பு என்பதுபோல் பதில் வந்தது. அதே கட்டடத்தில் இன்னொரு பெண், கொலைகாரன் போய்விட்டானா என்பதுகூடத் தெரியாமல் படியிறங்கி ஓடி, கிட்டியைக் கையில் தாங்கிக்கொண்டார். கதவை மூடியவர் யாரையும் தடுக்கவில்லை. அகராதியின் கணக்குப்படி அவர் எந்தப் பத்தியிலும் இல்லை. ஆனால் ஓடிவந்த பெண்ணுக்கு எதிரில் யாரை நிறுத்துவது என்று கேட்டால், கொலைகாரனை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. அவன் செய்தது வேறு வகைக் காரியம். அந்தப் பெண்ணுக்கு எதிரில் நிற்பவர் கதவை மூடியவரே.

அப்படியானால் அவர் கல்நெஞ்சரா? இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. இந்தக் கொலையின் அதிர்ச்சியிலிருந்து புறப்பட்ட ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரு உளவியலாளர்கள் 1968-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, இன்டர்காம் வழியே பேச வைத்தார்கள். நடுவில் ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறும். அது முன்பே பதிவு செய்த குரல். கேட்பது தான் ஒருவர்தான் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் வலிப்பு அடங்குவதற்குள் ஆள் தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தார்கள். எழாதவர்களின் அறைக்குள் ஆய்வாளர் போனபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர்களே முந்திக்கொண்டு கேட்டார்கள். அக்கறை இருந்தது. காலைத்தான் நகர்த்த முடியவில்லை. ஆகவே ரோஜெட் சொன்ன அக்கறையின்மை என்ற பெயரும் இந்த நிலைக்குப் பொருந்தாது. நெஞ்சில் இரக்கத்தை வைத்துக்கொண்டே ஒருவர் உதவிக்கு எதிர்ப்பக்கம் போய்விட முடியும். நல்லவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மெக்காலேயைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்ட வரைவோடு 1837-இல் அவர் தந்த குறிப்புகளில், செய்யாமல் விட்டதற்கு ஒருவரைத் தண்டிக்கலாமா என்ற கேள்வி வருகிறது. ஓர் ஆற்றில் வெள்ளம். தெரியாமல் ஒருவன் இறங்கப் போகிறான். தெரிந்தவன் சொல்லாமல் விட்டுவிடுகிறான். எச்சரிப்பதற்கென்றே நிறுத்தப்பட்ட சேவகன் என்றால் அது கொலை. கூலி பேசி வந்த வழிகாட்டி என்றாலும் கொலை. மனிதன் என்பதைத் தவிர வேறு உறவில்லாதவன் என்றால் கொலை ஆகாது. காரணம் நியாயமானது: கல்கத்தாவிலுள்ள ஒரு மருத்துவர், தாம் போகாவிட்டால் நோயாளி இறப்பது உறுதி என்றாலும், அறுவைச் சிகிச்சைக்காக மீரட் வரை போக மறுத்தால் அவரைக் கொலைகாரர் என்பதா? அப்படித் தொடங்கினால் உலகில் பட்டினி கிடக்கும் ஒவ்வொருவருக்காகவும் நாம் ஒவ்வொருவரும் கூண்டில் ஏற வேண்டும். இதை ஏற்கிறேன். ஆனால் மெக்காலே இங்கே பேசுவது தண்டனையைப் பற்றி. மீரட் பயணத்துக்கும், இறங்காதே, வெள்ளம் என்ற இரண்டு வார்த்தைக்கும் உள்ள தூரத்தைச் சட்டம் அளக்கத் தயங்கலாம், மனசாட்சி அளந்தே தீரும். ஆபத்து கண்ணெதிரில் இருக்கிறது, நம்மால் முடியும், நமக்கு ஆகும் செலவு சிறிது என்னும்போது சும்மா நிற்பதற்கு நடுநிலை என்ற பெயர் கிடையாது. சில நாடுகளின் சட்டமே அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. தனக்கோ பிறர்க்கோ ஆபத்தில்லாமல் காப்பாற்ற முடிந்தும் விட்டுவிட்டவருக்கு பிரான்சில் ஐந்து ஆண்டு சிறையும் 75,000 யூரோ அபராதமும் வரை விதிக்கலாம். ஜெர்மனியிலும் அது குற்றம்.

நம் நாட்டில் வேறு மறுப்பு எழும்: உதவப் போய் மாட்டிக்கொள்ள யாரால் முடியும்? சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ் கேள்வி, கோர்ட்டு அலைச்சல், ஆஸ்பத்திரியில் முன்பணம். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது அநியாயம். பல ஆண்டுகள் அது அனுபவத்தில் விளைந்த பயம். அங்கே ரோஜெட்டின் பழைய எதிர்ச்சொல் சரியாகப் பொருந்தியது: உதவுபவருக்கு அமைப்பே இடையூறு செய்தது. ஆனால் 2016-இல் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 134ஏ பிரிவு வந்தது: நல்ல நோக்கத்தோடு உதவியவர் மீது வழக்கில்லை, விரும்பாவிட்டால் அவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இவ்வளவும் நடைமுறையில் முழுமையாக நிறைவேறுகிறதா என்று கேட்பது அவசியம். ஆனால் சும்மா நிற்பதற்குப் பழைய காரணத்தையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை.

மனிதர்களை நான் இருட்டாகவே வரைகிறேன் என்று ஒருவர் சொல்லலாம். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் பார்த்தவர்களில் ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, யாரோ ஒருவர் முன்வரும் வாய்ப்பும் கூடியது. இது மகிழ்ச்சியான செய்தி. என் வாதத்துக்கு எதிரானதும் அல்ல. யாரோ ஒருவர் வருவார் என்பதும், நான் போவேனா என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலுதவிப் பயிற்சி தருபவர்கள் இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்து, யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கத்தாதீர்கள் என்கிறார்கள். ஒருவரை விரலால் சுட்டி, நீல சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போன் போடுங்க, போட்டுட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க என்று சொல்லச் சொல்கிறார்கள். அதுவரை எல்லோரோடும் சேர்ந்து நின்றவர், பையிலிருந்து போனை எடுத்துவிடுகிறார்.