எட்டுக் கிலோ இரும்பு

கூரியர்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போன பெட்டியை அம்மாதான் பிரித்தார். உள்ளே உருண்டையாக, கறுப்பாக, மேலே வளைந்த கைப்பிடியோடு ஓர் இரும்புக் குண்டு. "என்னடி, கமிஷன் கடை எடைக்கல்லை வாங்கி வச்சிருக்க?" என்றார். உடற்பயிற்சிக்கு என்றேன். எவ்வளவு என்று கேட்டார். 8 கிலோ என்றேன். அவர் கேட்டது விலையை. விலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தூக்குறதுக்கு இந்த வீட்டுல வேற ஒண்ணுமே இல்லையாக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

அம்மா எடைக்கல் என்று சொன்னது பெரிய தவறில்லை. இந்தக் கெட்டில்பெல்லின் பூர்வீகம் ரஷ்யா. அங்கே இதற்குக் கிர்யா என்று பெயர். சந்தையில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல்லைத்தான் ஆண்கள் பந்தயம் கட்டித் தூக்க ஆரம்பித்தார்கள் என்பார்கள். இன்றும் அதன் எடையை 'பூட்' என்ற பழைய அளவில் சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஒரு பூட் 16.38 கிலோ. நான் வாங்கியது அதில் பாதிக்கும் குறைவு.

எனக்கு 43 வயது. தேனியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எட்டு மணி நேரம் நாற்காலி. கழுத்திலிருந்து தோள்பட்டை வரை வலி, எல்லைக்கோட்டில் நிற்கும் சர்க்கரை. நடந்தால் மட்டும் போதாது, தசைக்கும் வேலை கொடுங்கள் என்றார் மருத்துவர். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் அதுவே: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. ஜிம்முக்குப் போய்வர எனக்கு நேரம் கிடையாது. ஒரே சாமான் வலுவுக்கும் இதயத்துக்கும் சேர்த்து உதவும் என்றார்கள், வாங்கினேன்.

உதவுமா என்றால், ஓரளவு உதவும். டென்மார்க்கில் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்காகவே செய்ததுபோல இருந்தது. கழுத்து வலியும் முதுகு வலியும் அதிகம் வரும் வேலைகளில் இருந்த 40 பேர், பெரும்பாலும் பெண்கள். எட்டு வாரம், வாரம் மூன்று முறை கெட்டில்பெல் வீசினார்கள். கழுத்து, தோள், இடுப்பு வலி குறைந்தது. முதுகுத் தசை வலுவானது. ஆனால் மூச்சுத் திறன் கூடவில்லை. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில், 16 கிலோ குண்டை 12 நிமிடம் வீசவிட்டு அளந்தபோது, இதயத் துடிப்பு உச்ச அளவில் 87 சதவீதத்துக்குப் போனது, ஆக்சிஜன் பயன்பாடு 65 சதவீதத்தைத்தான் தொட்டது. இதயம் படபடப்பதும் இதயம் பழகுவதும் ஒன்றில்லை என்பது அதில் புரிந்தது. கால்பந்து ஆடும் கல்லூரிப் பெண்களுக்கு நான்கு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தபோது மூச்சுத் திறன் 6 சதவீதம் அளவுக்குக் கூடியிருக்கிறது. வெறும் வலுதான் வேண்டும் என்றால் பார்பெல்லே மேல் என்று 2012இல் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. மொத்தத்தில், என்னைப் போல நாற்காலியில் கிடக்கும் ஒருத்திக்கு இது நல்ல சாமான். எட்டுக் கிலோ எளிதானதும் பன்னிரண்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு அங்கேயே நின்றுவிடும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். கடைசியில், "எடை தூக்குனா உடம்பு தேறும்னா, நாங்க முப்பது வருசம் தூக்குனதுக்கு எங்க உடம்பு இரும்பால்ல இருந்திருக்கணும்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

எங்களுக்குக் கோம்பை. கம்பம் பள்ளத்தாக்கின் வயலும் திராட்சைத் தோட்டமும் கண்ணுக்குக் குளிர்ச்சியானவை. ஆனால் சொந்த நிலம் இல்லாத வீட்டுப் பெண்களுக்கு மலைதான் சோறு போட்டது. விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். இன்றும் போகிறார்கள். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். குத்தவைத்தோ குனிந்தோதான் எடுக்க முடியும். நாள் முழுக்கக் குனிந்து எடுத்த காயை மூட்டையாகக் கட்டி, சரிவில் ஏறி, நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா இரும்பு எடைக்கல்லைப் பார்த்துப் பழகியது அங்கேதான். தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பது மேஸ்திரி கையில் இருந்தது என்பார். வீடு திரும்பியதும் விறகு, மாட்டுக்குப் புல்லுக்கட்டு, தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர். நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 கிலோ வரும். என்னுடைய குண்டில் இரண்டு.

அம்மாவுக்கு இப்போது 68 வயது. இரண்டு முழங்காலும் போயிற்று. அதைவிடப் பெரியதை எட்டு வருடம் மறைத்து வைத்திருந்தார். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. உட்கார முடியாமல், சிறுநீர் அடக்க முடியாமல், துணியை மடித்து வைத்துக்கொண்டு மலைக்குப் போய் வந்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்கு முன்பு, என் தம்பி பிறந்து எத்தனை நாளில் வேலைக்குப் போனீர்கள் என்று மருத்துவர் கேட்டார். "இருபத்தஞ்சு நாள்" என்றார் அம்மா. "தோட்டத்துல அதெல்லாம் நிறையப் பேருக்கு இருக்கு டாக்டர்" என்றும் சேர்த்துச் சொன்னார், ஏதோ சளிக்காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோல. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. பேரைப் போட்றாத" என்றார்.

டென்மார்க்கில் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளர் அம்மாவின் கேள்வியைத்தான் பல வருடங்களாகக் கேட்டுவருகிறார். ஓய்வு நேரத்தில் செய்யும் உடலியக்கம் ஆயுளைக் கூட்டுகிறது, வேலையில் செய்யும் உடலியக்கம் ஏன் அப்படிச் செய்வதில்லை? வேலையில் மணிக்கணக்காக இழுக்கும் சுமை இதயத்தைப் பழக்கும் அளவுக்கு வேகமானது இல்லை, ஆனால் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் நாள் முழுக்க ஏற்றி வைக்கும் அளவுக்கு நீளமானது என்கிறார். இடையில் ஓய்வு கிடையாது. எப்போது நிறுத்துவது என்ற முடிவும் தூக்குகிறவர் கையில் இல்லை. 2018இல் இது தொடர்பான பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் உடலுழைப்பு வேலையில் இருந்த ஆண்கள் சீக்கிரம் இறக்கும் அபாயம் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. அதைப் படித்து நிம்மதி அடைய எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கணக்கில் வேலை என்றால் சம்பள வேலை. புல்லுக்கட்டும் குடமும் எந்தக் கட்டத்துக்குள் வரும்?

நம் ஊரில் இதை இரண்டு கற்கள் முன்பே சொல்லி வைத்திருக்கின்றன. ஒன்று இளவட்டக்கல். வழவழப்பான உருண்டைக் கல், பிடிப்பே இருக்காது. குத்தவைத்து அணைத்து, மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். போட்டவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது வழக்கு. அவன் வருடத்தில் ஒரு நாள், ஊர் கூடி நிற்க, வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூக்குவான். முடியாவிட்டால் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பான்.

இன்னொன்று சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையைச் சரித்து வைத்து இளைப்பாறலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு அப்படியாவது பாரம் குறையட்டும் என்ற நம்பிக்கை. சாலைகள் அகலமானபோது நிறையச் சுமைதாங்கிகள் போய்விட்டன. ஆணுக்குத் தூக்கிக் காட்ட ஒரு கல், பெண்ணுக்குச் செத்த பிறகு இறக்கி வைக்க ஒரு கல். இதை முதல் முறை சேர்த்து யோசித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பெண்கள் இளவட்டக்கல்லைத் தூக்குவதே இல்லை என்று சொல்லவில்லை. திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் பெண்களும் தூக்குகிறார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் 1896இலேயே எடை தூக்கினார்கள். பெண்களுக்கு 2000இல்தான் இடம் கிடைத்தது. அந்த வருடமே சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். பெண்ணுக்குப் பலமில்லை என்று யாரும் உண்மையிலேயே நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. நம்பியிருந்தால் வீட்டுக்கு வரும் சிலிண்டரை யாரை நம்பி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்? உள்ளே இருக்கும் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, காலி உருளை அதற்கு மேல் ஒரு 15. அவள் தன் பலத்தைத் தனக்காகச் செலவழிப்பதில்தான் அவர்களுக்குச் சிக்கல்.

ஐரிஸ் மரியன் யங் 1980இல், பெண்கள் ஏன் பந்தை முழு உடம்பையும் கொடுத்து எறிவதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். உடம்பைக் குறுக்கி வைத்துக்கொள்ளப் பழக்கப்பட்டதால் என்பது அவர் வாதம். கெட்டில்பெல் ஸ்விங் செய்தபோது அது எனக்கு அப்படியே பொருந்தியது. பிருஷ்டத்தைப் பின்னால் தள்ளி இடுப்பை மடக்கி, குண்டைக் கால்களுக்கு நடுவே விட்டு, இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்தி வீச வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டும் எனக்கு வெட்கமாக இருந்தது. இடுப்பை அசைக்காமல் நடக்கச் சொல்லி வளர்த்த பிள்ளை நான். ஆனால் அம்மாவுக்கு யங் பொருந்தவில்லை. மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போது அவர் உடம்பில் எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. குறுக்கி வைத்துக்கொள்ளும் வசதி அவருக்கு வாய்க்கவே இல்லை.

என் வாதத்துக்கு எதிராக எனக்கே தெரிந்த ஒன்று உண்டு. 2019ஆம் வருட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் பெண்களுக்கு அதில் நாளுக்கு 299 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 97. எனக்குக் காலையில் இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது? அம்மா அடுப்படியில் நிற்பதால் வந்தது. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவால் வந்தது. நான் வியர்க்க வியர்க்க வீசிக்கொண்டிருக்கும்போது அந்த அக்கா தண்ணீர் வாளியோடு என்னைக் கடந்து போவார். ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "இதை வச்சு என்ன அரைக்கிறீக?" என்று கேட்டார். வாளியை இப்போது நான் தூக்கி வைக்கிறேன். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

உழைக்கும் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுங்கள் என்று இதை யாராவது படித்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், நம் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களையும் தள்ளி வைத்துவிட்டு சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்டது 20 சதவீத போனஸ், 232 ரூபாயாக இருந்த நாள்கூலி 500 ஆக வேண்டும் என்பது. முதுகுவலிக்கு ஆசனம் கேட்கவில்லை. கூலி கடைசியில் 301 ஆனது. சுமை குறைய வேண்டிய இடத்தில் உடம்பைக் கூட்டச் சொல்வது மோசடி.

அப்படியானால் அம்மாவுக்கு என்ன பதில்? தூக்கியது இரும்பா மூட்டையா என்பதில் தசைக்கு வித்தியாசம் தெரியாது. எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில், எந்த எடையில் தொடங்கி, தின்றது என்ன, தூங்கியது எவ்வளவு, வலித்தால் நிறுத்தலாமா என்பதில்தான் ஒரே எடை ஒருத்தியைத் தேற்றுகிறது, இன்னொருத்தியைத் தேய்க்கிறது. நான் திங்கள் வீசினால் செவ்வாய் வீசுவதில்லை. மாதவிடாயில் தலை சுற்றினால் ஓரத்தில் வைத்துவிடுகிறேன். யாரும் கூலியைப் பிடிப்பதில்லை. தூக்கும்போது கீழே இழுப்பதுபோல இருந்தாலோ சிறுநீர் கசிந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை அம்மாவின் உடம்பு எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆரம்பிக்கும் முன்பு ரத்தம் பார்த்துக்கொள்வதும் அவசியம். 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அந்த உடம்பு பத்து வீச்சிலேயே மூச்சு வாங்கும். அதைப் பயிற்சியின் பலன் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

இதை அம்மாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "நீ இறக்கி வைக்க முடியல, நான் வைக்கிறேன், அதான்" என்றேன். "ம்" என்றார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஆடி மாதம். பள்ளத்தாக்குக் காற்று வீட்டுக் கதவையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் குண்டைக் காணோம். கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால் எங்கும் இல்லை. மொட்டை மாடிக்குப் போனால், கூழ்வற்றல் காயும் வேட்டி பறக்காமல் இருக்க ஒரு மூலையில் அம்மியின் குழவி, இன்னொரு மூலையில் என் கெட்டில்பெல். எனக்குப் பகீரென்றது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் கனமானது எதையும் தூக்கக் கூடாது.

"யாரும்மா இதை மாடிக்குத் தூக்கினது?"

"பக்கத்து வீட்டுப் பயலைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன்," என்றார் அம்மா, வற்றலைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "சாயந்தரம் அவனே வந்து இறக்கித் தருவான். அதுவரைக்கும் நீ சும்மா இரு."