பிடியரிசி

அரிசியை அளந்து, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படியில் தனியாக இருக்கும் டப்பாவில் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். நெல்லைச் சீமைச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. போடும்போது சிலர் வாய்க்குள் ஒரு சிறு ஜெபம் சொல்வார்கள். பலர் ஒன்றும் சொல்வதில்லை, கை பழகிய வேலை. அதுவும் ஜெபம்தான் என்று நினைக்கிறேன். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லையே. இன்றைக்கு அரிசி காணுமா காணாதா என்று தெரியாத வீட்டிலும் முதலில் போவது அந்தப் பிடிதான்.

*

1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தை இன்று மறுபடியும் வாசித்தேன். மழையில்லாத காலம். சாறிபாத்தின் ஊர்வாசலில் விறகு பொறுக்கும் விதவையிடம் எலியா தண்ணீர் கேட்கிறார், அடுத்து அடை கேட்கிறார். அவளிடம் இருப்பது பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனும் தானும் தின்றுவிட்டுச் சாகப்போவதாக ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்ட பிறகும், முதலில் தனக்கு ஒன்று செய்து கொண்டுவரச் சொல்கிறார் தீர்க்கதரிசி.

பிரசங்கங்களில் நாம் உடனே, அதன்பின் மாவு குறையாமலிருந்த பானைக்குப் போய்விடுகிறோம். எனக்கு அந்த அவசரம் வேண்டாம். அவள் மாவைப் பிசையும்போது கையில் இருந்ததெல்லாம் ஒரு பரதேசியின் வார்த்தை மட்டுமே. அவள் சீதோன் நாட்டுக்காரி. ராணி யேசபேல் பிறந்த நாடு. கர்த்தரை எலியாவின் தேவன் என்றுதான் சொல்கிறாளே தவிர, தன் தேவன் என்று சொல்லவில்லை. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு இவளை எடுத்துக்காட்டியபோது கேட்டவர்களுக்குக் கோபம் மூண்டது. சபைக்கு வெளியே இருந்த ஒருத்தியிடம் நாம் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம்மவர் காணிக்கையிலேயே ஊழியரை அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிறகு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் தடவை. அவருடைய சபை மக்களில் பெரும்பாலோர் ஏழைக் கூலிக்காரர்கள். இவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பதா என்று யாருக்கும் தோன்றும். அசரியா கேட்டார், காணிக்கையைப் பற்றித் தனி நூலே எழுதினார். இல்லாதவனுக்குக் கொடுக்கத் தெரியாது என்று நாமே முடிவுகட்டுவது இரக்கமாகாது.

*

சாக்கில் சேர்ந்த பிடியரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தால் தெரியும். பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் கலந்து கிடக்கும். ஒரே பதத்தில் வேகாது. கோவிலில் அதை ஏலம் விடும்போது எடுப்பவர்கள் அது தெரிந்தேதான் எடுக்கிறார்கள். எந்த அரிசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. காணிக்கைக் கவரில் பெயர் உண்டு, தொகை உண்டு. பிடியரிசிக்கு இரண்டும் கிடையாது. கையில் காசு புழங்காத பெண்கள், யாரிடமும் கேட்டு நிற்காமல், தாங்களே தீர்மானித்துக் கொடுத்த காணிக்கை இது. அந்த வகையில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை.

*

மாற்கு 12இல் ஏழை விதவை இரண்டு காசு போடுகிறாள். அவளைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் சற்று முன்னால் வரும் வசனங்களையும் வாசிக்க வேண்டும். விதவைகளின் வீட்டைத் தின்று வாழும் வேதபாரகரை இயேசு அங்கே கண்டிக்கிறார். அந்தச் சூட்டோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். போடுகிறவளை மட்டுமா பார்த்திருப்பார்? வாங்கி எண்ணுகிறவர்கள் மேலும் அந்தக் கண் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

ஆகவே சேகரத்தில் கணக்கு எழுதும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடியரிசி எவ்வளவுக்குப் போனது, அந்தப் பணம் எதற்குச் செலவானது என்பதை ஆராதனை அறிவிப்பில் வாசியுங்கள். இருநூறு ரூபாயானாலும் வாசியுங்கள். கொடுத்தவர்கள் எழுந்து நின்று கேட்க மாட்டார்கள்.