உடம்பு சொல்லாத செய்தி

"உன் உடம்பைப் பற்றி உனக்குத் தெரியாதா?" கர்ப்பிணியிடம் இப்படிக் கேட்பவர்கள் இரண்டு வகை. 'நாங்கள் கடைசி நாள் வரைக்கும் மாவாட்டினோம்' என்ற தொனியில் கேட்கும் மூத்த பெண்கள் ஒரு வகை. 'மற்றவர்கள் சொல்வதை விடு, உன் உடல் சொல்வதைக் கேள்' என்று அக்கறையோடு சொல்லும் நம்மைப் போன்ற பெண்ணியவாதிகள் இன்னொரு வகை. நோக்கம் வேறு வேறு. ஆனால் இரு தரப்பும் ஒன்றை நம்புகின்றன: உடம்பு தன்னைப் பற்றிய செய்தியை அதற்கு உரியவளிடம் தவறாமல் சொல்லிவிடும்.

கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் இந்த நம்பிக்கையைக் கலைத்துவிடுகிறது. ரத்த அழுத்தம் 150/100 இருக்கும் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். பசிக்கும், தூக்கம் வரும், நடக்கத் தெம்பும் இருக்கும். மாறாக, கால் வீக்கம் எல்லோர் கண்ணிலும் படும். 'உப்புத் தண்ணி ஏறியிருக்கு' என்பார் ஒருவர், 'ஆம்பளப் புள்ளதான்' என்பார் இன்னொருவர். பாதத்தில் வரும் வீக்கம் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு இயல்பானது. அதை மட்டும் வைத்து மருத்துவர்கள் இன்று எந்த நோயையும் முடிவு செய்வதில்லை. முகமும் கைகளும் திடீரென்று வீங்கினால்தான் கவலை. ஆக, ஆபத்தில்லாத இடத்தில் உடம்பு உரக்கப் பேசுகிறது. ஆபத்துள்ள இடத்தில் வாய் திறப்பதில்லை.

இந்த நிலையில் ஒரு பெண், "நான் நடக்கலாமா, உடற்பயிற்சி செய்யலாமா?" என்று கேட்கிறாள். இதற்கு ஒரே பதில் கிடையாது. வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் அதற்குப் போதும். அப்படித் தொடர்ந்து செய்பவர்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பே குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இருபதாவது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் கணக்கு மாறுகிறது. எவ்வளவு நடக்கலாம் என்பதை அளவைப் பார்த்து மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரில் புரதம் போவது, மற்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது என்று பிரீ-எக்லாம்ப்சியாவாக மாறிவிட்டால் உடற்பயிற்சியை நிறுத்த வேண்டும். அதற்காகக் கட்டிலோடு கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகளுக்கு முழுநேரப் படுக்கை ஓய்வைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அதே நிறுவனம் 2011-இலேயே கூறிவிட்டது.

பதில் இப்படிப் படிப்படியாக இருக்க, அவள் காதில் விழுவதோ இரண்டே கட்டளைகள். 'நட, குனிஞ்சு நிமிந்து வேலை செய், அப்பதான் சுகப்பிரசவம்' என்பது ஒன்று. 'பி.பி. கொஞ்சம் ஜாஸ்தி, ரெஸ்ட் எடு' என்பது மற்றொன்று. முதலாவது, பிரசவத்தை அவளுடைய உழைப்புக்கான மதிப்பெண்ணாக்குகிறது. அறுவை சிகிச்சை ஆனால் அவள் சோம்பேறி. இரண்டாவதில் அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பது இல்லை. அட்டையில் எழுதப்பட்ட எண்ணைக் கூட வந்த கணவரிடமோ மாமியாரிடமோ சொல்கிறார்கள், அவளுக்குச் சொல்வதில்லை.

'எண்ணைச் சொன்னால் பயந்துவிடுவாள், பயத்திலேயே பி.பி. ஏறும்' என்பார்கள். அக்கறையில் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எண் தெரியாதவளும் பயப்படத்தான் செய்கிறாள். எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போகிறது. விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவள் கிளம்பிவிடுவாள். தெரியாதவள் 'வாயுவாக இருக்கும்' என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுக் காத்திருப்பாள்.

'என் உடல் என் உரிமை' என்ற முழக்கத்தை நான் கைவிடச் சொல்லவில்லை. உரிமை வேறு, அறிவு வேறு என்கிறேன். என் உடம்பைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை இன்னொருவர் கருவியால் அளந்து அறிகிறார். அப்படி அறிந்தவருக்கு அதை என்னிடம் சொல்லும் கடமை இருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் அதனால் அவருக்குப் போய்விடுவதில்லை. தன்னாட்சி என்றால் யாரையும் சாராமல் இருப்பது என்று பழகியிருக்கிறோம். இங்கே செவிலியரைச் சாராமல் தன்னாட்சியே இல்லை.

எல்லாம் தெரிந்த பிறகும் நோய் முற்றினால் அது அவள் தவறா? இல்லை. பிரீ-எக்லாம்ப்சியாவின் வேர், கர்ப்பத்தின் தொடக்கத்தில் நஞ்சுக்கொடி கருப்பையில் பதியும் விதத்தில் இருக்கிறது. அவள் நடந்ததாலோ நடக்காததாலோ வந்ததல்ல அது. கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவள் ஏற்கலாம். பழியை ஏற்க வேண்டியதில்லை.

ஓய்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்குவதும், மூச்சை அடக்கிக் கனமான பாத்திரத்தை இறக்குவதும் அழுத்தத்தை ஏற்றும். ஆனால் உடற்பயிற்சி என்றால் மாலை நடையை மட்டும் நினைக்கும் வீடுகளில், நடையை நிறுத்தியவள் குடத்தைத் தொடர்ந்து தூக்குகிறாள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம் சம்பள விடுப்பை 26 வாரமாக்கியது. சித்தாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகும் பெண்ணுக்கு அந்த விடுப்பு இல்லை. அவளிடம் 'ரெஸ்ட் எடு' என்று மட்டும் சொன்னவர் கடமையை முடித்துவிடவில்லை, அவள் தலையில் ஏற்றிவிட்டார்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும் பெண் மூன்றைக் கேட்கலாம். இன்று என் அளவு எவ்வளவு, போன முறை எவ்வளவு? இந்த அளவுக்கு நான் எவ்வளவு நடக்கலாம், எதைத் தூக்கக் கூடாது? எந்த அறிகுறி வந்தால் நேரம் பார்க்காமல் இங்கே வர வேண்டும்? நான்காவது கேள்வியை அவள் மருத்துவரிடம் கேட்க வேண்டாம், வீட்டில் கேட்கட்டும். நான் நிறுத்தும் வேலையை நாளையிலிருந்து யார் செய்வது?