பறவையைக் காக்கப் பூனையைக் கொல்லலாமா?

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நாம், அவ்வறம் தெளிவாக விளங்கும் இடங்களிலேயே அதைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். புலால் மறுத்தல், இரவு உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகியவற்றில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால் ஓர் உயிரினம் அழியாதிருக்க வேண்டுமானால் மற்றோர் உயிரினத்தைக் கொன்றே ஆகவேண்டும் என்று ஒருவர் நம்முன் வந்து வாதிட்டால் என்ன விடை கூறுவோம்? இது கற்பனையாக எழுப்பிய வினா அன்று. தொலைவில் உள்ள ஒரு தீவில் உண்மையாகவே எழுந்து, ஒரு வகையாக விடையும் கூறப்பட்டுவிட்ட வினாவாகும்.

தென் அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் இடையே, அசென்ஷன் என்னும் எரிமலைத் தீவு உள்ளது. அதன் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவே. மனிதர் குடியேறுவதற்கு முன் அங்கு ஏறத்தாழ 2 கோடி கடற்பறவைகள் வாழ்ந்திருக்கக் கூடும் என மதிப்பிடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எஞ்சியவை 4 இலட்சம் அளவே.

அவற்றுள் ஒன்று அசென்ஷன் ஃபிரிகேட் பறவை. விரைந்து செல்லும் பழைய போர்க்கப்பலின் பெயரைப் பெற்ற இனம் அது. நீண்ட கரிய சிறகுகள் உடையது. ஆண் பறவை இணையைக் கவரத் தன் செந்நிறக் கழுத்துப் பையைக் காற்றால் நிரப்பிக் காட்டும். கடலையே நம்பி வாழ்ந்தாலும், அதன் இறகுகள் நீரில் நனைந்துவிடுமாதலின் கடல்மேல் அமர்ந்து இளைப்பாற அதனால் இயலாது. ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு கூட்டை விட்டுப் பறக்கவே பல மாதங்கள் ஆகும். உலகில் வேறெங்கும் இவ்வினம் கூடு கட்டுவதில்லை.

1815-இல் நெப்போலியனைச் செயின்ட் ஹெலினா தீவில் சிறை வைத்த ஆங்கிலேயர், அவரை மீட்க எவரும் வந்துவிடாதபடி அசென்ஷனிலும் காவற்படையை நிறுத்தினர். கப்பல்களின் வழியே எலிகள் முன்னரே அங்கு வந்து பெருகியிருந்தன. எலிகளை ஒழிக்கப் பூனைகளைக் கொண்டுவந்தனர். பூனைகளோ, ஓடி ஒளியும் எலியைக் காட்டிலும், தரையில் கட்டிய கூட்டில் தனியே அமர்ந்திருக்கும் குஞ்சே எளிய இரை என்று கண்டுகொண்டன. நாளடைவில் ஃபிரிகேட் பறவைகள் தீவை விட்டே மறைந்தன. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில், பூனை ஏற முடியாத செங்குத்தான ஒரு பாறைத் திட்டே அவற்றின் ஒரே புகலிடம் ஆயிற்று. போசன்பேர்ட் தீவு என்பது அதன் பெயர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் ஓர் இனம் முழுவதும் ஒரு பாறையில் ஒண்டி வாழ்ந்தது.

2002-ஆம் ஆண்டு, பறவைகளைக் காக்கும் ஆங்கிலேயக் கழகம் ஒன்று, அந்நாட்டு அரசின் பொருளுதவியோடு, காட்டுப் பூனைகளை அறவே ஒழிக்கும் பணியைத் தொடங்கியது. நஞ்சு கலந்த இரையும் கூண்டும் பயன்பட்டன. கடைசிக் காட்டுப் பூனை 2004 பிப்ரவரியில் பிடிபட்டது. 2006-இல் காட்டுப் பூனைகள் அற்ற தீவு என அறிவித்தனர். வீட்டுப் பூனைகளைக் கருத்தடை செய்து வளர்க்க இசைவளித்திருந்தும், அவற்றுள் 38 விழுக்காடு தவறுதலாக மாண்டன. தீவு மக்கள் பெரிதும் மனம் வருந்தினர். மறுபுறம், பூபி என்னும் கடற்பறவைகள் தீவுக்குத் திரும்பின. 2012-இல் ஃபிரிகேட் பறவையும் திரும்பி வந்து தீவின் தரையில் கூடு கட்டியது.

இச்செய்தியைக் கேட்டு நாம் மகிழ்வதா, வருந்துவதா?

வியப்புக்குரியது யாதெனில், இவ்வினாவை நம் ஆசாரியர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், கொடிய விலங்கு ஒன்றைக் கொல்வதால் பல உயிர்கள் காக்கப்படும் என்னும் வாதத்தைக் குறிப்பிட்டே மறுக்கிறார். அவ்வாறு எண்ணியும் கொல்லலாகாது என்பது அவர் முடிபு. கொல்லும் எண்ணம் உள்ளத்தில் எழும்போதே இம்சை நிகழ்ந்துவிடுகிறது. பின்னர் விளையும் நன்மையைக் கணக்கிட்டு அதைக் கழித்துவிட முடியாது.

மேலும் ஒன்று சிந்திக்கத்தக்கது. இனம் என்பதற்குத் தனியே உயிர் இல்லை. நோவதும் அஞ்சுவதும் ஒவ்வொரு ஜீவனே. நஞ்சுண்டு துடித்த பூனையும், கூட்டில் கடியுண்ட குஞ்சும் ஐந்து புலன்கள் உடையனவே. 'அரிய இனம்' என்பதால் ஒன்றின் வலி மிகுவதும் இல்லை. 'பெருகிய இனம்' என்பதால் மற்றொன்றின் வலி குறைவதும் இல்லை.

இவ்வளவோடு கட்டுரையை முடித்துவிட்டால் நமக்கு எளிது. ஆனால் அது நேர்மையாகாது. 'கொல்ல வேண்டா' என்று சொல்லி நாம் அகன்ற பின்னும் அத்தீவில் குஞ்சுகள் நாள்தோறும் மாண்டுகொண்டே இருந்திருக்கும். ஒரு புயலோ நோயோ வந்தால், அந்த ஒற்றைப் பாறையில் ஓர் இனமே முடிந்திருக்கும். 'அவ்வாறே ஆகட்டும்' என்று கூற நமக்கு மனம் வருகிறதா? வரவில்லை என்பதே உண்மை. பறவை திரும்பியது என்று படித்தபோது நம் உள்ளம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியில் கொலைக்கு உடன்படும் பாவமும் கலந்திருக்குமோ என்னும் அச்சமும் உடனே எழுந்தது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்குக் காரணம் என்றன்றோ கற்றிருக்கிறோம்.

அவ்வாறாயின் குற்றம் யாருடையது? பூனையினுடையது அன்று, அதற்கு விரதம் இல்லை, இயல்பு மட்டுமே உண்டு. 2002-இல் நஞ்சு வைத்தவர்கள் முந்தைய தலைமுறைகளின் தவற்றைச் சுமந்தவர்கள். தொடக்கம் 1815-இல் இருக்கிறது. எலியைத் தாம் கொல்லாமல் பூனையைக் கொண்டு கொல்வித்தார்கள். கொண்டுவந்த உயிர் என்ன செய்யும், எவ்வாறு பெருகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இந்த எண்ணாமையையே நம் நூல்கள் பிரமாதம் என்று சொல்லி இம்சையின் வேராகக் காட்டுகின்றன. ஒரு நாள் கவனமின்மை, பின்வந்தோர்க்கு இரண்டு தீய வழிகளை மட்டுமே விட்டுவைத்தது.

மூன்றாம் வழி முற்றிலும் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கலிபோர்னியாவை அடுத்த சான் நிக்கோலஸ் தீவில் 2009, 2010 ஆண்டுகளில் இதே இக்கட்டு எழுந்தபோது, 59 பூனைகளை உயிரோடு பிடித்துக் கரைக்குக் கொணர்ந்து காப்பகத்தில் வைத்துப் பேணினர். அத்தீவு கரைக்கு அண்மையில் உள்ளது; அசென்ஷனோ பெருங்கடலின் நடுவே உள்ளது. எல்லா இடத்திற்கும் அது பொருந்தாதிருக்கலாம். ஆயினும் பொறுமையும் பொருளும் செலவிட அணியமாக இருப்போர்க்குக் கொல்லாத வழி சில இடங்களிலேனும் திறக்கிறது என்பதற்கு அது சான்று.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இதுவே. அக்கொலையை அறம் என்று நம்மால் சொல்ல இயலாது. அதைச் செய்தோரைக் கொடியவர் என்று பழிக்கவும் நமக்குத் தகுதி இல்லை. பறவையின் மீட்சியில் மகிழ்வோம். அம்மகிழ்ச்சியின் விலை எத்தனை உயிர் என்பதை மறவாதிருப்போம்.

நெற்குதிரில் எலி வந்தால் பூனை வளர்ப்பது நம் சிற்றூர்களிலும் உள்ள வழக்கமே. 'பூனை கொல்கிறது, நாம் கொல்லவில்லை' என்று ஆறுதல் கொள்கிறோம். குட்டிகள் பெருகினால் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவருவதையும் காண்கிறோம். ஏரிக்கரையிலும் தரையில் முட்டையிடும் பறவைகள் உண்டு. குதிரை எலி புகாதவாறு அடைத்து வைப்பதும், வளர்க்கும் உயிருக்கு இறுதிவரை பொறுப்பேற்பதும், அது அளவின்றிப் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் சிறு செயல்களே. ஆயினும் அகிம்சை எளிதாகக் கைகூடும் இடம் அந்தத் தொடக்கமே. அதனைத் தவறவிட்ட பின், எத்துணை நல்லவரும் கையில் நஞ்சோடு நிற்க நேர்ந்துவிடும்.

சிந்திப்போமாக.